ஆளில்லாத வீட்டில் ஒரு பொருளைப் படமெடுப்பது: தனிமையைக் காட்ட முழுமையான வழிகாட்டி

கைவிடப்பட்ட கட்டடங்களுக்குள் எடுத்த படங்களை இணையத்தில் நிறையப் பார்க்கிறோம். உரிந்த சுண்ணாம்பு, இடிந்த கூரை, சுவரைப் பிளந்து வளர்ந்த அரசங்கன்று. பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் மனதில் தங்குவது 'எவ்வளவு பழைய கட்டடம்!' என்ற வியப்பு மட்டுமே. 'இங்கே இருந்தவர் எங்கே?' என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் படங்கள் சிதைவோடு நின்றுவிடுகின்றன. ஒரு மனிதரும் ஒரு பொருளும் பல காலம் சேர்ந்து இருந்தார்கள், இப்போது மனிதர் மட்டும் இல்லை என்று தெரியும்போதுதான் அந்தப் பொருள் தனியாக நிற்பதாக நமக்குத் தோன்றுகிறது. ஆகவே நீங்கள் எடுக்க வேண்டியது பொருளின் படத்தை மட்டும் அல்ல, அதைப் புழங்கிய ஆள் இருந்த இடத்தையும் சேர்த்துத்தான்.

பொருளைத் தேர்ந்தெடுப்பது, கேமராவை வைக்கும் உயரம், ஒளி, எடிட்டிங் எல்லாமே இந்த ஒரு வேலைக்காகத்தான். எடுத்துக்காட்டுகளுக்குப் பெரும்பாலும் செட்டிநாட்டு வீடுகளையே எடுத்துக்கொள்கிறேன். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் தெருத் தெருவாகப் பூட்டிய வீடுகள் இருக்கின்றன. நமக்குப் பழக்கமான பொருள்கள் அவற்றுக்குள் இருப்பதால் சொல்வது எளிதில் புரியும்.

முதலில், எப்படிப் போனார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கேமராவைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. ஓர் இடத்தை மக்கள் விட்டுப்போன விதம்தான் அங்கே எந்தப் பொருள் மிஞ்சியிருக்கிறது, அது என்ன சொல்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

உக்ரைனில் உள்ள பிரிப்பியாத் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செர்னோபில் அணு உலை வெடித்த மறுநாள், 1986 ஏப்ரல் 27 அன்று, சுமார் 49,000 பேரைப் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றினார்கள். சில நாட்களில் திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லித்தான் அழைத்துப்போனார்கள். அதனால் அங்கே பொருள்கள் பாதி வேலையில் நின்றவை. அப்படிப்பட்ட இடத்தில் தேட வேண்டியது முடிக்காமல் விட்ட செயலை.

தனுஷ்கோடி வேறு மாதிரி. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலும் கடலும் பொருள்களையே கொண்டுபோய்விட்டன. தேவாலயச் சுவர்களும் ரயில் நிலையத்தின் சில துண்டுகளும்தான் மிச்சம். கூரை இல்லை, அறை இல்லை, அறைக்குள் வைத்த பொருளும் இல்லை. பக்கத்திலேயே மீனவக் குடும்பங்கள் இன்றும் தொழில் செய்கின்றன. அவர்களை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளிவிட்டு 'ஆளே இல்லாத ஊர்' என்று காட்டினால் அது பொய்யான தனிமை. கோலார் தங்கவயலும் இப்படித்தான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து போய்த் தலைமுறை தலைமுறையாக அங்கே வேலை செய்த குடும்பங்கள் இன்னும் குடியிருப்புகளில் வாழ்கின்றன. எந்தக் கட்டடம் ஆளற்றது, எது இல்லை என்று விசாரித்த பிறகே கேமராவை எடுங்கள்.

செட்டிநாட்டில் யாரும் ஒரே நாளில் கிளம்பவில்லை. பர்மா, இலங்கை, மலேயா என்று போய்ச் சம்பாதித்த பணத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1940-கள் வரை கட்டிய வீடுகள் அவை. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அங்கிருந்த தொழில் போயிற்று. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்றால் கூடுவார்கள், பிறகு பூட்டிவிட்டுப் போவார்கள். கூடும் வருடங்கள் குறையக் குறைய அறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படாமல் போயின. நல்ல சாமான்களைப் பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள். மிச்சத்தில் நிறைய காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டது. ஆகவே இங்கே உங்களுக்குக் கிடைப்பவை இரண்டு வகை: தூக்க முடியாதவை, யாருக்கும் வேண்டாதவை. ஆட்டுக்கல்லும் அம்மியும் முதல் வகை. கால் உடைந்த முக்காலி, கிழிக்காத காலண்டர், ஒற்றைச் செருப்பு, மருந்துக் குப்பி இரண்டாவது வகை. இரண்டாவது வகையை விட்டுவிடாதீர்கள். தேக்குத் தூணை எல்லோரும் எடுப்பார்கள். யாரும் பங்கு கேட்காத முக்காலிதான் நம் விஷயத்துக்கு நெருக்கமானது.

அனுமதியும் பாதுகாப்பும்

பூட்டிய வீடு என்றால் சொந்தக்காரர் இல்லாத வீடு என்று அர்த்தமில்லை. செட்டிநாட்டு வீடு ஒன்றுக்குப் பத்து இருபது பங்காளிகள்கூட இருப்பார்கள். சாவி வைத்திருக்கும் காவல்காரர் கதவைத் திறந்துவிடலாம். ஆனால் அவர் சரி சொல்வது உரிமையாளர் சரி சொல்வதாகாது. காவல்காரரிடமே எண் வாங்கி, குடும்பத்தில் ஒருவரிடம் பேசுங்கள். என்ன எடுக்கப்போகிறீர்கள், எங்கே வெளியிடப்போகிறீர்கள், எந்த அறைக்குள் போகக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாமி அறையும் பூட்டிய பெட்டிகளும் கேட்காமலே விலக்கு. அனுமதியில்லாமல் அத்துமீறி நுழைவது இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவின்படி குற்றமாகலாம். அதைவிட முக்கியம், பூட்டை உடைத்து உள்ளே போனவர் அந்த வீட்டின் தனிமையைப் பற்றி எதைச் சொன்னாலும் அதில் நேர்மை இருக்காது.

தனியாகப் போகாதீர்கள். அல்லது எங்கே இருக்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையில் செங்கல்லைத் தாங்குவது மரச்சட்டங்கள். சுவருக்குள் நுழையும் அவற்றின் நுனிதான் முதலில் உளுத்துப்போகும். வெளியே பார்த்தால் சட்டம் நன்றாகத்தான் தெரியும். மேலே ஈரக்கறையோ தொய்வோ தெரிந்தால் அந்த அறை வேண்டாம். மாடிக்குப் போவதானால் சுவரை ஒட்டி நடங்கள். வௌவால் எச்சம் காய்ந்து தூளாகியிருக்கும் அறையில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம், என்95 முகக்கவசம் போடுங்கள். தடித்த அடி வைத்த ஷூ, தலையில் கட்டும் டார்ச், டெட்டனஸ் தடுப்புக்கு டி.டி. ஊசி. கொல்லைப்புறத்தில் மூடாத கிணறு, குப்பை மேட்டில் விரியன், நிலைப்படிக்கு மேலே குளவிக்கூடு. இவை மூன்றும் சாதாரணம்.

பையில் என்ன

ஒரு கேமரா, ஒரு லென்ஸ், ஒரு ட்ரைபாட் போதும். லென்ஸ் 35 மி.மீ. அல்லது 50 மி.மீ. ஆக இருக்கட்டும். அதிக வைடு ஆங்கிள் லென்ஸ் அறையைப் பிரமாண்டமாக்கும், பக்கத்தில் இருக்கும் பொருளை ஊதிப் பெருக்கும். இரண்டுமே நமக்கு எதிரி. போனில் எடுப்பவர்கள் 0.5 எக்ஸ் என்ற வைடு லென்ஸை மறந்துவிட்டு, இரண்டு மடங்கு ஜூமில் வைத்து, போனையும் ட்ரைபாடில் பொருத்துங்கள். ஃபிளாஷ் வேண்டாம். அது வந்தவரின் ஒளி, அந்த வீட்டின் ஒளி அல்ல.

வாசலிலேயே நில்லுங்கள்

உள்ளே போனதும் அறைக்குள் நடந்துவிடாதீர்கள். நிலைப்படியில் நின்று முதலில் தரையைப் பாருங்கள். பல வருடத் தூசி படிந்த தரையில் நீங்கள் வைக்கும் ஒரு காலடியைத் திரும்ப எடுக்க முடியாது. அந்தத் தூசிதான் 'இங்கே யாரும் வரவில்லை' என்பதற்கான ஒரே சாட்சி. எனவே அறையின் முதல் படத்தை வாசலில் இருந்தே எடுங்கள். பிறகு சுவர் ஓரமாக ஒரே வழியில் போங்கள், அதே வழியில் திரும்புங்கள். நண்பரோடு போனால் இதை வெளியிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழகும். எந்த ஜன்னலில் இருந்து ஒளி வருகிறது, எங்கே போய் நிற்கிறது என்று தெரியும். முதல் பார்வையில் கண்ணைப் பறித்த பெரிய பொருள்கள் பின்னால் போய், சின்னவை முன்னே வரும்.

எந்தப் பொருள்? தேய்மானத்தைத் தேடுங்கள்

ஒரு பொருளின் முன் நின்று கேட்க வேண்டிய கேள்வி, இதை ஓர் உடம்பு எங்கே தொட்டது என்பதுதான். பதில் கண்ணுக்குத் தெரிந்தால் எடுங்கள். தெரியாவிட்டால் அடுத்த பொருளுக்குப் போங்கள்.

நம் வீடுகளில் இதற்குப் பஞ்சமே இல்லை. நடுவில் குழிந்த அம்மி, பல பெண்கள் பல வருடம் அரைத்த அம்மி. ஊஞ்சலுக்குக் கீழே, காலால் உந்தி உந்தி மெருகு போன ஒரு வட்டம் தரையில் இருக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையானால் பூ வேலைப்பாடு அந்த இடத்தில் மட்டும் மங்கியிருக்கும். வெற்றிலை போட்டவர் விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைத் தூணில் தடவிய வெள்ளைக் கீற்றுகள் தெரியும். அடுக்களைச் சுவரில் பென்சிலால் எழுதிய பால் கணக்கு, ஒரு மாதத்தின் பாதியில் நின்றிருக்கும். மாட்டியிருந்த படத்தை எடுத்துப்போனபின் சுவரில் தங்கிய வெளிறிய கட்டம், அதன் மேல் ஆணி. தலைசாய்த்து உட்கார்ந்து உட்கார்ந்து சுவரில் ஏறிய தேங்காய் எண்ணெய்க் கறை.

இந்தக் கடைசி ஒன்றை நான் எந்த ஆளில்லாத வீட்டிலும் முதலில் தேடுவேன். அது ஒரு தலையின் உயரம். பெரியவரா, பிள்ளையா, தரையில் உட்கார்ந்தவரா, நாற்காலியிலா என்று அதுவே சொல்லிவிடும். வேறெந்தப் பொருளும் ஒரு மனிதரின் உடம்பை இவ்வளவு அப்பட்டமாக வைத்திருப்பதில்லை.

எதை விட்டுவிடலாம் என்றும் சொல்கிறேன். உடைந்த பொம்மை, சிலந்திவலை படிந்த குத்துவிளக்கு, முள் நின்ற கடிகாரம். இவை உணர்ச்சியைத் தயாராகவே கையில் கொடுத்துவிடும். பார்ப்பவர் ஒரு நொடியில் புரிந்துகொண்டு நகர்ந்துவிடுவார். கடிகாரம்தான் வேண்டும் என்றால், அதற்குச் சாவி கொடுக்க யாரோ ஏறி நின்ற ஸ்டூலையும் சேர்த்து எடுங்கள். அப்போது ஓர் ஆள் உள்ளே வந்துவிடுகிறார்.

கேமரா வைக்கும் இடமும் காலியிடமும்

பொருளைப் புழங்கியவர் எங்கே இருந்தார் என்று கண்டுபிடித்ததும், கேமராவை வைக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, அவர் இருந்த இடமே. ஆட்டுக்கல்லின் முன் தரையில் உட்கார்ந்து, அரைத்தவரின் கண் உயரத்தில், தரையிலிருந்து இரண்டரை அடியில் வைத்து எடுங்கள். பார்ப்பவர் அவருடைய இடத்தில் உட்காருகிறார், எதிரே குழவி அசையாமல் நிற்கிறது. இரண்டாவது, அவரோடு பேசிக்கொண்டிருந்தவரின் இடம். ஊஞ்சலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் எங்கிருந்து பார்த்திருப்பாரோ, அங்கிருந்து. இது இன்னும் அழுத்தமானது, ஏனென்றால் எதிரே ஆள் இருக்க வேண்டிய இடம் காலியாகத் தெரியும். நின்றபடி கேமராவைக் கண்ணில் வைத்து, பொருளைக் குனிந்து பார்க்கும் கோணம்தான் மிக மோசம். அது வேடிக்கை பார்க்க வந்தவரின் கோணம்.

அடுத்தது ஃப்ரேமில் பொருளின் அளவு. பெரிதாக எடுத்தால் விற்பனைப் படம் போல ஆகிவிடும். ஃப்ரேமில் எட்டில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் தொடங்குங்கள். மீதி வெறும் இடம். ஆனால் அந்த வெறும் இடத்தை எந்தப் பக்கம் விடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆள் இருந்த பக்கம் விடுங்கள். நாற்காலி இடப்பக்கம் பார்த்து நின்றால், அது பார்க்கும் பக்கத்தில் இடம் வேண்டும். அம்மிக்கு, அரைத்தவர் உட்கார்ந்த பக்கம். மேலே சும்மா விட்ட சுவரை விட, ஓர் ஆள் சரியாக உட்காரும் அளவு காலியிடம் அதிகம் பேசும். அங்கே ஒருவரைக் கற்பனையில் உட்காரவைத்துப் பாருங்கள். தலை ஃப்ரேமுக்கு வெளியே போனால் இன்னும் கொஞ்சம் பின்னால் வாருங்கள்.

ஒரு சோதனை. எடுத்த படத்தைக் கேமராத் திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் பொருள் இன்னதென்று தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் காலியிடம் பொருளை விழுங்கிவிட்டது, ஓர் அடி முன்னே போங்கள்.

தூண்களும் நிலைகளும் செங்குத்தாக நிற்கட்டும். கேமராவைச் சாய்த்துப் பதற்றத்தை உண்டாக்காதீர்கள். செட்டிநாட்டு வீட்டில் முன்வாசலில் இருந்து பின்கட்டு வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். எல்லாவற்றையும் திறந்துவைத்தால் கதவுக்குள் கதவாக ஓடும் அந்தக் கோட்டின் நடுவில் ஒரு சின்னப் பொருள் இருந்தால் அதைவிட நல்ல ஃப்ரேம் கிடையாது. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒன்று போதும்.

பின்னணியை மங்கலாக்கும் ஆசையும் வேண்டாம். லென்ஸ் துவாரத்தை அகலத் திறந்து எஃப் 1.8-இல் எடுத்தால் அறை கரைந்து பொருள் மட்டும் பளிச்சென்று நிற்கும். தனியாக இருக்க ஒரு பொருளுக்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடம் தெளிவாகத் தெரிய வேண்டும். துவாரத்தைச் சுருக்கி எஃப் 8 அல்லது எஃப் 11 வையுங்கள்.

ஒளி

காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, மாலை நான்கரைக்கு மேல். நடுப்பகலில் முற்றத்தில் வெயில் செங்குத்தாக இறங்கி, வெளிச்சமும் நிழலும் கத்தி வெட்டினாற்போலப் பிரியும். அந்த நேரத்தில் முற்றத்தை விட்டுவிட்டு உள்ளறைகளுக்குப் போங்கள். முற்றத்துத் தரையில் பட்டுத் திரும்பும் ஒளி அறை வாசலில் மென்மையாக வந்து நிற்கும், அது நல்ல ஒளி.

ஒரே ஜன்னல் போதும். மற்றவை திறந்திருந்தால், அனுமதியோடு சாத்திவைக்கலாம். படமெடுத்ததும் இருந்தபடியே விட வேண்டும். பக்கவாட்டில் வரும் ஒளிதான் தேய்மானத்தைக் காட்டும். அம்மியின் குழிவு, தூசியின் கனம், பென்சில் எழுத்தின் பள்ளம் எல்லாம் நேர் ஒளியில் தட்டையாகிவிடும். பொருள் ஒளியின் நடுவில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஜன்னல் ஒளி தரையில் ஒரு பக்கம் விழுந்து, பொருள் அதற்கு இரண்டடி தள்ளி அரை இருட்டில் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த செட்டிநாட்டுச் சுவர் இன்றும் பளபளக்கும். ஜன்னலின் பிரதிபலிப்பு அதில் நீளமாக விழும். போலரைசர் ஃபில்டர் போட்டால் குறையும். நான் பெரும்பாலும் போடுவதில்லை. அத்தனை பாடுபட்டு மெருகேற்றிய சுவர் யாரும் பார்க்காமல் மின்னிக்கொண்டிருப்பது படத்தில் இருக்கட்டும்.

எக்ஸ்போஷர்

ட்ரைபாட் இருப்பதால் ஒளி உணர்திறனை (ஐ.எஸ்.ஓ.) 100-லேயே வையுங்கள். உள்ளறையில் எஃப் 8 வைத்தால் ஷட்டர் இரண்டிலிருந்து எட்டு வினாடி வரை போகலாம், கவலையில்லை. கையால் அழுத்தாமல் இரண்டு வினாடி டைமரில் எடுங்கள். இருட்டறையை கேமரா தானாகப் பிரகாசமாக்கப் பார்க்கும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை 0.7 அல்லது 1 குறையுங்கள். வெள்ளைச் சுவர் நிறைந்த ஃப்ரேமில் எதிர்மாறு, அதைச் சாம்பலாக்கிவிடும், 0.7 கூட்டுங்கள்.

ஃப்ரேமில் ஜன்னல் இருந்தால், வெளியே தெரியும் தென்னையையும் வானத்தையும் காப்பாற்ற முயல வேண்டாம். வெளுத்துப்போகட்டும். வெளி உலகம் தெரியாமல் போனால் அறை இன்னும் மூடிக்கொள்ளும். ஐந்து எக்ஸ்போஷர்களை அடுக்கிச் செய்யும் எச்.டி.ஆர். முறை இங்கே கெடுதல்தான் செய்யும். எல்லா மூலையும் தெரிந்துவிட்டால், பார்ப்பவர் கண்ணைச் சுருக்கித் தேட எதுவும் இருக்காது.

நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் பகல்வெளிச்சத்துக்கு, 5,200 கெல்வின் அளவில், பூட்டிவிடுங்கள். நிழலான அறையில் படம் கொஞ்சம் நீலம் பாயும். பெரும்பாலும் அப்படியே விடலாம். RAW கோப்பாக எடுத்தால் பிறகு திருத்த வசதி.

எதையும் நகர்த்தாதீர்கள்

பிரிப்பியாத்தில் வந்துபோனவர்கள் பொம்மைகளை எடுத்துக் கட்டிலில் சாய்த்துவைத்தார்கள், வாயு முகமூடி மாட்டிவைத்தார்கள். இப்போது அங்கே எடுத்த பொம்மைப் படம் எதையும் நம்ப முடிவதில்லை. உண்மையாகவே ஒரு குழந்தை விட்டுப்போன பொம்மையும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிட்டது. ஒருவர் செய்த சின்ன ஏற்பாடு, அவருக்குப் பின் வரும் எல்லோருடைய படத்தையும் கெடுக்கிறது.

சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும் நாற்காலியை நேராக்காதீர்கள். கண்ணாடியைத் துடைக்காதீர்கள். குறுக்கே கிடக்கும் பிளாஸ்டிக் பை உறுத்தினால் கோணத்தை மாற்றுங்கள், பையை அல்ல. நகர்த்திய பொருளின் அடியில் தூசியில்லாத வட்டம் ஒன்று தெரியும், கூர்ந்து பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். யாரும் கண்டுபிடிக்காவிட்டாலும், அது கடைசியாக அங்கே இருந்தவர் வைத்த இடம். அதற்கு ஒரு மரியாதை உண்டு.

ஒரு படத்தை முழுதாக எடுத்துப் பார்ப்போம்

முகப்பில், கதவுக்கு இரண்டு பக்கமும் திண்ணை. வலப்பக்கத் திண்ணையின் பக்கச்சுவரில் எண்ணெய்க் கறை, நீள்வட்டமாக, ஓரம் மஞ்சளாகவும் நடுவில் கறுத்தும் இருக்கிறது. கேமராவை எடுப்பதற்கு முன் காவல்காரரிடம் கேளுங்கள். "அண்ணே, இந்தச் சுவத்துல சாஞ்சு யாரு உக்காருவாங்க?" "கணக்குப்பிள்ளை, தம்பி. அய்யா உள்ளேருந்து கூப்பிடுற வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பாரு." இந்த மாதிரி ஒரு பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவர் காத்திருந்தவர். கதவைப் பார்த்துக் காத்திருந்தவர். ஆகவே கதவு படத்தில் இருந்தே ஆக வேண்டும்.

எதிர்த் திண்ணையில் போய் உட்காருங்கள். கறை உங்களுக்கு நேரே. ஒரு பக்கம் தெரு, மறுபக்கம் கதவு. 50 மி.மீ. லென்ஸில் பார்த்தால் கறை தெருப்பக்கம் மூன்றில் ஒரு பங்கில் நிற்கும்படியும், பூட்டிய கதவின் நிலையும் பூட்டும் மறுகோடியில் தெரியும்படியும் அமைக்கலாம். கேமரா உட்கார்ந்தவரின் கண் உயரத்தில். கறைக்குக் கீழே திண்ணை முழுதாக வர வேண்டும், அதுதான் அவர் இருந்த இடம். காலை எட்டு மணி வாக்கில் தெருவிலிருந்து வரும் ஒளி அந்தச் சுவரை உரசிக்கொண்டு போகும். சுவர் மினுங்கும், கறை மட்டும் மங்கி நிற்கும்.

எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/8 வினாடி அளவில், வெள்ளைச் சுவருக்காக 0.7 கூட்டி. ஃபோகஸ் கறையின் ஓரத்தில். ஒன்று எடுத்ததும் இரண்டடி பின்னால் போய் இன்னொன்று, முன்னே போய்க் கறையும் சுவரும் மட்டும் ஒன்று. வீட்டில் வந்து பார்க்கும்போது மூன்றில் எது என்று தெரியும். பெரும்பாலும் நடுவில் எடுத்ததாக இருக்கும்.

எடிட்டிங்

அன்றைக்கே உட்காராதீர்கள். அந்த வீட்டில் நீங்கள் உணர்ந்தது உங்களுக்குள் இருக்கும்வரை, படத்தில் அது இருக்கிறதா இல்லையா என்று உங்களால் பார்க்க முடியாது. ஒரு வாரம் போகட்டும்.

நுணுக்கங்களைத் தூக்கிக்காட்டும் கிளாரிட்டி, டெக்ஸ்ச்சர் ஸ்லைடர்களை ஏற்றினால் சுவரின் ஒவ்வொரு விரிசலும் கத்தும், பொருளின் குரல் கேட்காது. வேண்டுமானால் சுவரில் மட்டும் இரண்டையும் கொஞ்சம் குறையுங்கள். பொருளின் வெளிச்சத்தை மட்டும் மூன்றில் ஒரு ஸ்டாப் தூக்குங்கள், தூக்கியது தெரியக் கூடாது. நான்கு மூலையையும் கறுப்பாக்குவது வேண்டாம்.

கறுப்பு வெள்ளை என்றதும் தனிமை வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யாரோ ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்துப் பூசிய நீலம், கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்பு எனாமல் தூக்கு. அந்த நிறங்கள் இன்னும் மங்காமல் இருப்பதுதான் வலிக்கிறது. நிறத்தை எடுத்துவிட்டால் எல்லாம் ஒரே பழசாகிவிடும். ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் பார்வையை இழுத்துக் காரியத்தைக் கெடுக்கிறது என்றால் மட்டும் கறுப்பு வெள்ளைக்குப் போங்கள்.

தொகுப்பும் குறிப்பும்

ஒரு வீட்டுக்கு ஆறேழு படங்கள் போதும். சின்ன அளவில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். முழு அறையைக் காட்டும் படம் ஒன்று, பொருளும் அதன் இடமும் தெரியும் படங்கள் சில, தேய்மானத்தை மிக அருகில் காட்டும் ஒன்றிரண்டு. எல்லாமே வெறுமையாக இருந்தால் மூன்றாவது படத்திலேயே கண் சலித்துவிடும். அதனால் உயிருள்ளது ஒன்று இருக்கட்டும்: காவல்காரர் இன்னும் தண்ணீர் ஊற்றும் துளசி, முகப்பில் சாய்த்துவைத்த அவருடைய சைக்கிள், முற்றத்தில் காயவைத்த ஒரு துண்டு. பக்கத்தில் இருக்கும் மற்றப் படங்களின் தனிமையை அது கூட்டும்.

படத்துக்குக் கீழே 'மௌனம்', 'காலத்தின் சாட்சி' என்றெல்லாம் எழுதாதீர்கள். 'கணக்குப்பிள்ளை காத்திருந்த திண்ணை' என்று எழுதினால் போதும். தெரிந்த விவரத்தைச் சொல்லுங்கள், தெரியாததைக் கதையாக்காதீர்கள். குடும்பத்தின் பெயர், சுவரில் எழுதிய முகவரி, கடிதங்கள், மருந்துச் சீட்டு எதுவும் படிக்கும்படி வரக் கூடாது. குடும்பத்துக்கு முதலில் அனுப்பிக் காட்டிவிட்டு வெளியிடுங்கள். சில சமயம் அவர்களிடமிருந்து 'அது எங்க அப்பத்தா உட்கார்ந்த இடம்' என்று ஒரு பதில் வரும், அப்போது குறிப்பைத் திருத்திக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று, இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். பதிவேற்றும் முன் படத்தில் இருக்கும் ஜி.பி.எஸ். விவரத்தை நீக்கிவிடுங்கள். தெருப் பெயர், வீட்டு எண், முன்வாசல் அடையாளம் எதுவும் வேண்டாம், ஊர்ப் பெயர் போதும். ஆளில்லாத வீட்டில் இன்ன பொருள் இருக்கிறது என்று படத்தோடு சொல்லிவிட்டால், பழம்பொருள் விற்கிறவர்களுக்கு வழி காட்டியதாகிவிடும். கதவும் நிலையும் தூணும்கூடக் கழற்றி விற்கப்படுகிற பகுதி அது. உங்களை நம்பி ஒரு காவல்காரர் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். அடுத்த மாதம் அங்கே திருட்டு நடந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.